கண்ணாடிக்கு உள்ளே ஒரு பொட்டு

அத்தியாயம் பதினொன்று

மாலை போடக் கூடாது. அந்த ஒரு நிபந்தனையின் பேரில்தான் ஜெயக்கொடி விழாவுக்கு வரச் சம்மதித்திருந்தாள்.

போன வாரம் முழுக்க அந்த வீட்டில் அதுதான் சண்டை. பர்மா எல்லைக்குப் போய்த் திரும்பி வராத தாத்தா ஜெயவேலுவுக்கு, யுத்தம் முடிந்த அறுபதாவது வருஷத்தில் ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று அவள் மகன் மகேஷ் கிளம்பினான். முன்னாள் படைவீரர் சங்கத்தைப் பிடித்தான். மாடம்பாக்கத்தில் கல்யாண மண்டபம் பிடித்தான். சுதந்திர தினத்தன்று சாயங்காலம், தாத்தாவின் படத்துக்கு ரோஜா மாலை அணிவிப்பது என்று ஏற்பாடு. அங்கேதான் அம்மா நின்றுவிட்டாள்.

"எங்கம்மா கடைசி வரைக்கும் மாலை போடல. நானும் போட மாட்டேன். காணோம்னுதான் தந்தி வந்தது. செத்துட்டார்னு யார் சொன்னா?"

"அம்மா, தாத்தாவுக்கு இப்போ எண்பத்தேழு வயசு இருக்கும். இன்னும் வந்துக்கிட்டே இருக்காரா?"

அந்தக் கேள்விக்குத் தண்டனையாக மகேஷின் காபியில் மூன்று நாள் சர்க்கரை விழவில்லை. நான்காம் நாள் அவன் இறங்கி வந்தான். மாலை கிடையாது, படம் மட்டும் என்று பேச்சு முடிந்தது.

இன்று ஆகஸ்ட் பதினைந்து.

காலையிலிருந்தே ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. சட்டையில் கொடி குத்திய பிள்ளைகள் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகேஷின் தங்கை சத்யப்ரியா ஹாலில் ஸ்டூல் மேல் ஏறி, சுவரிலிருந்த இரண்டு படங்களையும் இறக்கினாள்.

பெரியது தாத்தாவின் படம். ராணுவத் தொப்பி, கூரான மூக்கு, தலையோடு ஒட்டிய சின்னக் காதுகள். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் முதல் சம்பளத்தில் தாம்பரம் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கியது. அன்றிலிருந்து அம்மா வீட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்ப்பா" என்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு, சரி சொல்லலாமா என்று அதனிடம்தான் கேட்டாளாம். சத்யாவின் அப்பா இறந்த அன்று, அழுது முடித்ததும் அதன் கீழேதான் போய் உட்கார்ந்தாள்.

சின்னது குரூப் போட்டோ. கப்பல் ஏறுவதற்கு முன் எடுத்தது. முன்வரிசையில் மூன்று பேர் நாற்காலியில். பின்வரிசையில் ஐந்து பேர் நின்றுகொண்டு. ஒவ்வொரு முகமும் புளியங்கொட்டை அளவுதான். பின்வரிசையில் வலமிருந்து இரண்டாவது ஆளுக்கு முகமே தெரியாது. அந்த இடத்தில் கறுத்துச் சிவந்த ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

அந்தப் பொட்டு தாத்தாவின் மனைவி கன்னியம்மா வைத்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துத் தாலியில் குங்குமம் வைத்த பிறகு, விரலில் மீந்ததைக் கண்ணாடியில் புருஷன் முகத்தின் மேல் வைப்பாளாம். தந்தி வந்த பிறகும் நிறுத்தவில்லை. தாலியையும் கழற்றவில்லை. ஜெயக்கொடிக்கு ஏழு வயதாகும்போது, விஷக் காய்ச்சலில் கன்னியம்மா போனாள். நெற்றி நிறையப் பொட்டோடுதான் போனாள்.

"எனக்கு அப்பான்னா அந்தப் பொட்டுதான். அவர் போன அப்புறம் பொறந்தவ நான். பொண்ணா இருந்தா ஜெயக்கொடின்னு வைன்னு சொல்லிட்டுப் போனாராம். மூஞ்சியைப் பார்க்கணும்னுதான் பெருசு பண்ணினேன். பொட்டுக்குக் கீழே இருக்கிறவர்னு சொன்னேன். ஸ்டுடியோக்காரர் ஃப்ரேமைப் பிரிச்சு எடுத்துக் கொடுத்தார்" என்று அம்மா நூறு தரம் சொல்லியிருக்கிறாள்.

சத்யா ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். பொட்டின் பக்கம் வந்ததும் வழக்கம்போல ஒதுங்கினாள். ஒதுங்கியும் துணியின் நுனி பட்டுவிட்டது.

பதறிப்போய்த் துணியைப் பார்த்தாள். சிவப்பு இல்லை.

விரல் நுனியால் பொட்டைத் தொட்டாள். மேடு இல்லை, சொரசொரப்பு இல்லை. கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தது. படத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். பொட்டு கண்ணாடியின் மேலே இல்லை. அடியில், படத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

பொறியியல் கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் அவள். நாள் முழுக்கக் கண்ணாடியும் லென்சும்தான் கையில். வாய் பேசுவதைவிட அவளுக்குக் கணக்குதான் வேகமாக வரும். கன்னியம்மா கண்ணாடிக்கு உள்ளே கைவிட்டுப் பொட்டு வைத்திருக்க முடியாது. வெளியே வைத்த பொட்டு உள்ளே போக வேண்டுமென்றால், யாரோ கண்ணாடியைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும்.

புரட்டினால் இடது வலதாகும்.

அவள் பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆளைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக யாரும் உற்றுப் பார்க்காத ஆள். பையிலிருந்து லென்சை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

தொப்பிக்கு இரண்டு பக்கமும் காதுகள் பானைக்குக் கைப்பிடி வைத்ததுபோல் விரிந்து நின்றன.

அந்தக் காதுகளை அவளுக்குத் தெரியும். மகேஷைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்த காதுகள் அவை. அம்மா ஆயுசு முழுக்கத் தலைமுடியால் மூடி வைத்திருக்கிற காதுகள். "இது எங்கிருந்து வந்ததோ தெரியல. எங்கப்பாவுக்கு எவ்வளவு அழகான காது பாரு" என்று பெரிய படத்தைக் காட்டி அம்மா அங்கலாய்க்கும் காதுகள்.

ஹாலில் டெலிபோன் மணி அடித்தது. மகேஷ் எடுத்தான். படைவீரர் சங்கத்துத் தாவீது பேசினார்.

"சொல்லுங்க தாவீது அண்ணா... யாரு? பேனர்கிட்டயா?... ஏதாவது மனசு சரியில்லாத கேஸா இருக்கும், அனுப்பிடுங்க." ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தான். "ஜங்ஷன்ல நம்ம பேனர்கிட்ட நின்னுக்கிட்டு ஒரு அம்மா கத்துதாம். இது எங்கப்பன் மூஞ்சி, எவன்டா பேனர் வச்சதுன்னு."

சத்யா படத்தையும் லென்சையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மகேஷ் வைத்திருந்த ஃபிளெக்ஸ் பேனர் அது. நடுவில் தாத்தாவின் பெரிய படம், 'பர்மா வீரர் ஜெயவேலு' என்று மஞ்சள் எழுத்து. கீழே மூலையில் கூலிங்கிளாஸ் போட்ட மகேஷ். தாத்தாவுக்குக் கிடைத்த இடத்தைவிட மகேஷுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்திருந்தது.

"அண்ணா, கொஞ்சம் பின்பக்கம் வா."

கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். லென்சை வாங்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அவன் கை தானாகத் தன் காதைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே. ஃபங்ஷன் முடியட்டும். ஒரு வாரம் போகட்டும். இல்ல, சொல்லவே வேண்டாம் சத்யா. அம்மா இந்த வயசுல இதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? அந்தப் படத்தோட பேசிக்கிட்டு இருந்தவங்கடீ. திடீர்னு அது யாரோன்னா, அவங்களுக்கு அப்பா ரெண்டாவது தடவை காணாமப் போன மாதிரி ஆகாதா?"

அவன் சொன்னது தப்பு இல்லை. ஆனாலும் சத்யா கேட்டாள்.

"அங்கே ஒரு அம்மா எங்கப்பான்னு கத்துறாங்களே. அவங்க மண்டபத்துக்கு வந்து, அத்தனை பேர் முன்னாடி சொன்னா? அம்மா மைக்கு முன்னாடி நிக்கும்போது?"

மகேஷ் தண்ணீர் வாளியைக் காலால் தட்டிக்கொண்டே நின்றான்.

"நீயே சொல்லு. எனக்கு வராது" என்றான் கடைசியில்.

அம்மா அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, முடியைக் காதின் மேல் படிய வாரிக்கொண்டிருந்தாள். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. அரக்குக் கரை போட்ட வெண்பட்டு. மடியில் ஒரு துண்டுக் காகிதம். மேடையில் பேச வேண்டியதைப் பத்து நாளாக எழுதி எழுதி அடித்திருந்தாள்.

"சத்யா, இதைக் கேளு. 'என் தந்தையின் முகத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்'னு ஆரம்பிக்கவா? நல்லா இருக்கா?"

சத்யா குரூப் போட்டோவை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அம்மா, விரலைக் குடு."

"எதுக்குடீ?"

ஜெயக்கொடியின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பொட்டின் மேல் வைத்தாள்.

"ஐயோ, அழிஞ்சிடப் போகுது!"

"அழியாதும்மா. தடவிப் பாரு."

அம்மா தடவினாள். ஒரு முறை. இன்னொரு முறை, பொட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வரை. அவள் புருவம் சுருங்கியது.

"வழவழன்னு இருக்கே."

"ஆமா. பொட்டு உள்பக்கம் இருக்கு."

வெளியே ஒலிபெருக்கி பாட்டை மாற்றியது. அம்மா வேறு யாருக்கோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"சாம்பசிவ மாமாதான் புது ஃப்ரேம் போட்டார். அம்மா போன அப்புறம் படம் பெட்டியிலேயே கிடந்து, கட்டையெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு. எங்க அக்கா வச்ச பொட்டு, துடைச்சிடாதேன்னு கடைக்காரர்கிட்ட சொன்னாராம். அந்த ஆள், 'கவலைப்படாதீங்க, இனிமே யார் தொட்டாலும் அழியாது'ன்னு சொல்லிக் குடுத்தாராம். மாமா அதை எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவார்."

"அழியக் கூடாதுன்னுதான்மா உள்ளே திருப்பிப் போட்டிருக்கார்."

"நல்லது நினைச்சுதான் பண்ணியிருக்கான்."

"ஆமாம்மா. ஆனா கண்ணாடியைத் திருப்பினா, பொட்டு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போயிடும்."

அம்மா எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தவள். எந்த வயரை எதில் செருகினால் யார் குரல் யாருக்குப் போகும் என்று தெரிந்தவள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கையை நீட்டினாள். சத்யா லென்சைக் கொடுத்தாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

பிறகு, லென்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, இடது கையால் தன் காதின் மேலிருந்த முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"என் காது" என்றாள்.

வாசற்படியில் மகேஷ் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

சத்யாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. "ஃப்ரேமைப் பிரிச்சுக் கண்ணாடியை மறுபடி திருப்பிப் போட்டுடவாம்மா? பொட்டு அவர்கிட்டயே போயிடும்."

"வேண்டாம்."

"பாட்டி வச்ச இடத்துலயே..."

"மூடிடும்டீ. இப்பத்தானே பார்க்கறேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லாத அழுகை. மடியிலிருந்த துண்டுக் காகிதத்தாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதியிருந்த மை கன்னத்தில் ஒட்டியது.

சற்றுப் பொறுத்துத் தானே தேறி எழுந்தாள். ஹாலுக்குப் போய், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பெரிய படத்தின் முன்னால் நின்றாள். கூரான மூக்கு, ஒட்டிய காதுகள். அவள் கல்யாணத்துக்குச் சரி சொன்ன முகம்.

"அப்போ நீங்க யாரு?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. தெரியாத ஊரில் விலாசம் விசாரிப்பதுபோல் இருந்தது.

மகேஷ் தயங்கித் தயங்கி, பேனர் அருகில் ஒரு அம்மா சண்டை போட்டதைச் சொன்னான். ஜெயக்கொடி திரும்பினாள்.

"அதை ஏன்டா முதல்லயே சொல்லல? ரெண்டு படத்தையும் எடு. இவரை அவங்க வீட்டுல தேடிட்டு வந்திருக்காங்க."

"அம்மா, பேனர்ல..."

"பேனரை நீ பார்த்துக்கோ. உன் கூலிங்கிளாஸைப் பார்த்து யாரும் சண்டைக்கு வரலையே, அந்த மட்டும் சந்தோஷம்."

கிளம்பும்போது பழக்கத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆணியும், அதன் கீழே வெளுக்காத ஒரு சதுரமும்தான் இருந்தன. "போயிட்டு வரேன்" என்று ஆரம்பித்து, அடுத்த சொல் வராமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மண்டப வாசலில் தாவீது வரவேற்றார். பழைய ஹவில்தார். ஓய்வு பெற்றும் முதுகு வளையவில்லை.

"வாங்க மேடம். மகேஷ், அந்தம்மா உள்ளயே வந்து குந்திகினு கீறாங்க. போவ மாட்டேன்றாங்க. நான் இன்னா பண்றது?"

"எங்கே?" என்றாள் ஜெயக்கொடி.

கடைசி வரிசையில், மடியில் ஒரு பிக்‌ஷாப்பர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றி வெறுமை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை. அவர்கள் அருகில் வருவதற்குள்ளேயே எழுந்துவிட்டாள்.

"யாரும்மா பேனர் வச்சது? எங்கப்பன் மூஞ்சியப் போட்டு எவரு பேரையோ எய்தி வச்சிகீறீங்க? பம்மல்லேந்து ஷேர் ஆட்டோல வந்துகினு இருக்கேன், நடு ரோட்டுல எங்கப்பா நின்னுகினு கீறாரு! செத்துப் பதினாலு வருசம் ஆவுது, பகீர்னு ஆயிடிச்சி எனக்கு."

பையிலிருந்து ஒரு படத்தை வெளியே எடுத்தாள். பிளாஸ்டிக் மாலை போட்ட கல்யாணப் படம். மாப்பிள்ளைக்குக் கூரான மூக்கு, தலையோடு ஒட்டிய காது. சந்தேகமே இல்லை.

ஜெயக்கொடி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா பேர் என்னம்மா?"

"மாசிலாமணி. பட்டாளத்துலேந்து வந்து தோல் பதம் பண்ற ஷாப்புல வேல பாத்தாரு. எம்பேரு தபீதாள்."

"என் பேர் ஜெயக்கொடி. தப்பு எங்க பேர்லதான். ஒரு குரூப் போட்டோவுல ஆள் மாறிப் போச்சு. உங்கப்பாவை எங்கப்பான்னு நினைச்சு நாப்பது வருஷமா எங்க வீட்டுல வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாம சூடம் காட்டினேன்."

தபீதாள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"சூடமா? எங்கப்பனுக்கா? ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போவலன்னா சோறு போடாத மனுசங்க்கா அவரு!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயக்கொடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தாவீது தட்டோடு வந்தார். அதில் ரோஜா மாலை. "வேணாம்னுதான் மகேஷ் சொன்னாப்ல. சங்கத்துல கேக்காம வாங்கிட்டாங்க மேடம். இத இன்னா பண்றது?"

"இவங்க அப்பாவுக்குப் போடுங்க" என்றாள் ஜெயக்கொடி. "அவரும் பட்டாளத்துக்காரர்தானே. அவருக்குப் போடலாம்."

தபீதாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஒங்கப்பா எவருக்கா?"

சத்யா குரூப் போட்டோவை நீட்டி, விரல் வைத்துக் காட்டினாள். தபீதாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஜெயக்கொடியைப் பார்த்தாள். முடி பின்னால் ஒதுங்கி, வெளியே தெரிந்த அந்தக் காதுகளைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"காதுக்காரன்" என்றாள். "எங்கப்பா அப்டிதான் சொல்லுவாரு. பேரு சொல்ல மாட்டாரு. காதுக்காரன், காதுக்காரன்னு... ஒங்க வூடு அப்போ மாடம்பாக்கம் கோயிலாண்டயா?"

"ஆமா. அது எங்க மாமா வீடு."

"வந்தாருக்கா. சண்ட முடிஞ்சி ஊருக்கு வந்த கையோட எங்கப்பா ஒங்க வூட்டுக்கு வந்தாரு. காதுக்காரன் சொல்லி அனுப்புனதச் சொல்லணும்னு வந்தாரு."

சத்யா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும்தான் வந்தாரு. ஒங்கம்மா மஞ்ச பூசி, இம்மாம் பெரிய பொட்டு வச்சிகினு கோலம் போட்டுகினு இருந்தாங்களாம். பக்கத்துல ஒரு கொயந்த மண்ணுல வெளயாடிகினு இருந்துதாம். அதப் பாத்ததும் அவுருக்கு வாய் வரல. குடிக்கத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சிட்டு அப்டியே திரும்பிட்டாரு. சாவுற வரைக்கும் அதையே சொல்லிகினு இருந்தாருக்கா. அந்தப் பொட்டப் பாத்துட்டு எப்டி தபீதா சொல்றதுன்னு."

மேடையில் மைக் கிரீச்சிட்டது. "பர்மா வீரர் ஜெயவேலு அவர்களின் குடும்பத்தாரை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்..." மகேஷ் மேடையருகிலிருந்து கையசைத்தான்.

ஜெயக்கொடி எழவில்லை.

"என்ன சொல்லி அனுப்பினார் எங்கப்பா?"

தபீதாள் படத்திலிருந்த பொட்டைப் பார்த்தாள்.

"ஒங்கம்மா கீறாங்களாக்கா?"

"இல்ல. எனக்கு ஏழு வயசாகும்போதே போயிட்டாங்க."

"பொட்டோடவா?"

"பொட்டோடதான்."

மைக் மறுபடியும் ஜெயவேலுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. தபீதாள் பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ஜெயக்கொடியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லலாம்" என்றாள்.